எட்டாவது தட்டு

சோஃபியாவில் ஒன்பதாம் எண் டிராலிபஸ் என்னுடையது.
என்னுடையது என்றால்
காலை நாலரையிலிருந்து பகல் ஒன்றரை வரை.

மூன்று மாதமாகப் பள்ளிப் பையன்கள்
பின்வாசலில் இருமிக்கொண்டே ஏறுகிறார்கள்.
நோய் இல்லை, பாட்டு.
பெர்னிக்கில் பிறந்த எவனோ ஒருவன்
கடன், போலீஸ், விட்டுப்போன காதலி என்று
மூச்சு விடாமல் சொல்லடுக்கி வீசுகிறான்.
நடுவில் எல்லாம் சட்டென்று அறுந்து
ஒரு பெண்குரல்.
புகையிலை தரம் பிரிக்கையில் பாடுகிற இரண்டு வரி.
பிறகு ஓர் இருமல்.

அந்த இருமலுக்குத்தான் இத்தனை ஆட்டம்.
வாயைப் பொத்தித் தோளைக் குலுக்குகிறார்கள்.
மைதானத்தில் நாற்பதாயிரம் பேர் ஒன்றாக இருமியதைச்
செய்தியில் காட்டினார்கள்,
வானிலைக்கு முன்னால்.

அது என் அம்மாவின் இருமல்.

எனக்கு முன்பே என் காலுக்குத் தெரிந்துவிட்டது.
பிரேக்கை மிதித்திருக்கிறேன்.
ஒருத்தியின் பையிலிருந்து வெங்காயம் உருண்டோட,
எனக்கு மட்டுமல்ல
என் வம்சத்துக்கே வசவு கிடைத்தது.

உரிமைத்தொகை அலுவலகத்தில் கேட்டேன்.
"மெட்டு மக்களுடையது" என்றாள் மேசைக்காரி.
மக்கள் என்றால் யார்?
"யாருமில்லை."
சரி, இருமல்?
பேனாவை மூடி வைத்தாள்.
"இருமல் படைப்பாகாது, ஐயா."

இசையமைத்தவன் விஹ்ரென். வயது இருபத்தாறு.
மூடிப்போன சலவைக்கடையின் பின்னறையில்
இன்னும் சோப்பு மணக்கும் ஸ்டுடியோ.
"பணத்துக்கா வந்தீர்கள்?" என்றான்.
இல்லை என்று நான் சொல்லவில்லை.

பிறகு அவன் மேசையில் தட்டிக் காட்டினான்:
தக திமி தகிட,
தக திமி தகிட.
"ஏழு. என் டிரம்முக்கு எட்டு வேண்டும்.
இழுத்துப் பார்த்தேன், பாட்டு செத்துப்போனது.
நறுக்கிப் பார்த்தேன், நொண்டியது.
இரண்டு வாரம் தூங்கவில்லை.
ஒரு ராத்திரி நாடாவை நிறுத்த மறந்து
அப்படியே ஓடவிட்டேன்.
இருமினாள்.
எட்டு."

வானொலிக் கிடங்கின் அட்டையைக் காட்டினான்.
பிப்ரவரி, எழுபத்து நான்கு. ரோடோப்பி மலை.
பாடியவர்: பெண், 31.
அவ்வளவுதான்.
ஸ்தமேனா என்றேன்.
எழுதக் காகிதம் தேடி, கிடைக்காமல்
கையில் எழுதிக்கொண்டான்.

முழு நாடாவையும் கேட்டேன்.
பாட்டின் தொடக்கத்தில் கிறீச்சென்று ஒன்று வருமே,
தட்டைத் தேய்க்கிற சத்தம் என்று
பையன்கள் நினைக்கிறார்களே,
அது எங்கள் வீட்டுக் கதவு.
திறந்தது நான்.
ஆறு வயது, காலணி நிறையப் பனி.
வெளியூர்க்காரர் பெட்டியோடு வந்திருக்கிறார்,
சத்தம் போடாதே என்று
சொல்லியிருந்தார்கள். திறந்தேன்.
குளிர் உள்ளே போனது. அவள் இரண்டு வரி தாங்கினாள்.

அன்று பிடித்த இருமல் இல்லை அது,
இலைத்தூசி எப்போதோ உள்ளே இறங்கியிருந்தது.
தொண்ணூற்றெட்டில்தான் நின்றது.
ஆனாலும் ஏழோடு ஒன்று சேர்ந்ததில்
என் கையும் இருக்கிறது.

இருமலுக்குப் பின் விஹ்ரென் வெட்டிய இடத்தில்
அவள் பேசுகிறாள்:
"ராய்ச்சோ, கதவைச் சாத்து! இலை நொறுங்கிடும்!"
"இதையும் சேர்க்கட்டுமா?" என்று கேட்டான்.
வேண்டாம் என்றேன்.
பணத்தைப் பற்றி
இருவருமே மறுபடி பேசவில்லை.
அதற்காக வீட்டில் இன்னும் திட்டு வாங்குகிறேன்.

இன்று காலை பல்கலைக்கழக நிறுத்தம்.
பின்வாசல் நிறையப் பையன்கள், ஒரே ஒரு போன்.
கிறீச்.
இரண்டு வரி.
பஸ் முழுக்க இருமியது.
வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, ஏற யாருமில்லை.

சாத்திட்டேன், அம்மா,
என்று பொத்தானை அழுத்தினேன்.